உப்புநீரில் எழுந்த துடிப்பு

மும்பை செம்பூர் நரம்புக் கருவி ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறும் முதுநிலைத் தொழில்நுட்பர் திருமதி சங்கரேஸ்வரி அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உளமாரப் படைக்கும் மடல்.

நூலினும் நுண்ணிய கருவிகளை நுண்ணோக்கியின் கீழ் நொடியும் நடுங்காமல் நிறுத்திய கைகளுக்கு உரியவரே! உண்மை உறுதிப்படும்வரை ஓரிடத்தில் உட்காரவும் ஒப்பாத உள்ளத்தவரே! வணக்கம்.

அவை நிறைந்த பெரியோர்களே, அம்மையாரின் பணிகளை வரிசையாகச் சொன்னால் பொழுது போதாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை மட்டும் நடந்தபடியே சொல்கிறோம். அதில் எங்களுக்குப் பெருமை சேர்க்காத பகுதியும் உண்டு.

மூளையில் பலவகை உயிரணுக்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் ஒருவகை மட்டும் என்ன செய்கிறது என்று அறிவதே எங்கள் வேலை. அந்த ஒருவகை மட்டும் நீல ஒளிக்கு விழித்துக்கொள்ளுமாறு மாற்றப்பட்ட எலிகளின் மூளையில், தலைமயிரைவிட மெல்லிய ஊசியொன்றைப் பதிக்கிறோம். அதன் நுனியில் கண்ணுக்கே தெரியாத விளக்கு. அதையொட்டி, அணுக்களின் மின்துடிப்பைப் பிடிக்கும் உலோகப் புள்ளிகள். காது மிஷின் செய்யும் கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்த அம்மையார்தாம் அந்த ஊசிகள் அத்தனையையும் கோத்தவர்.

அந்த ஆண்டு ஒன்பது எலிகளிலும் விளக்கு எரிந்ததும் துடிப்பு எழுந்தது. தேடிய அணுக்கள் பதில் சொல்லிவிட்டன என்று ஆய்வகமே பூரித்தது. ஆராய்ச்சி மாணவர் ஜெயகணேஷின் பட்டம் அந்த முடிவை நம்பியே இருந்தது. திங்கட்கிழமை கட்டுரையை அனுப்புவதென்று தலைவர் டாக்டர் பத்மஜா நாள் குறித்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்பது எலிகளின் துடிப்புப் படங்களையும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த அம்மையாருக்கு என்னவோ நெருடியது. ஒன்பதும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன. தாராவியில் ஒரே சந்தில் ஒன்பது வீட்டுக் கதவைத் தட்டினால் ஒன்பது விதமாகப் பதில் வரும். ஒன்பது உயிர்கள் எப்படி ஒரே குரலில் பேசும்? ஜெயகணேஷிடம் கேட்டார். கருவி அவ்வளவு துல்லியம் என்பதற்கு அதுவே சாட்சி என்று அவர் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டாப் ஹில் வீட்டுக்குத் திரும்பியும் அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாதத்தைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்தார். மறுநாள் விடுமுறை. காலையிலேயே பஸ் பிடித்து ஆய்வகத்துக்கு வந்து, காவலரிடம் சொல்லிக் கதவைத் திறந்தார். ஒரு கிண்ணத்தில் உப்புநீரை ஊற்றி ஊசியை இறக்கினார். எலி இல்லை, மூளை இல்லை, ஓர் அணுகூட இல்லை. விளக்கை எரியவிட்டார்.

அதே துடிப்பு எழுந்தது.

கை தப்பியிருக்கும் என்று வேறொரு ஊசியை எடுத்தார். பிறகு மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றிலும் அதே துடிப்பு. விளக்கின் ஒளி பட்டு உலோகப் புள்ளிகளே மின்னை எழுப்பிக்கொண்டிருந்தன. அணுக்கள் வாயே திறக்கவில்லை. அத்தனை ஊசிகளையும் செய்தவர் அவரே. படத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, போன்கூடச் செய்யாமல் மாட்டுங்காவில் தலைவர் வீட்டுக்குப் போய் நின்றார்.

டாக்டர் பத்மஜா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"இத வெளிய சொன்னா, உங்க கைவேலையில வந்த தப்புன்னுதான் எல்லாரும் சொல்லுவா. தெரியுமோ?"

"சொல்லட்டும் மேடம். உப்புத்தண்ணிக்கு மூளை கெடையாதுல்லா. அது எப்படிப் பதில் சொல்லுது?"

தலைவர் உள்ளே போய்க் கட்டுரையை நிறுத்திவைக்கும்படி அனைவருக்கும் செய்தி அனுப்பினார்.

அடுத்து வந்த நாட்களைச் சொல்ல எங்களுக்கு நா கூசுகிறது. மூன்றாண்டு உழைப்பு ஒரு கிண்ணத் தண்ணீரில் போயிற்றே என்ற ஆத்திரம் கிண்ணத்தை வைத்தவர்மேல் பாய்ந்தது. ஜெயகணேஷின் பட்டம் ஓராண்டு தள்ளிப்போனது; அவர் நாற்பது நாள் அம்மையாரின் முகம் பார்க்கவில்லை. நாங்களும் மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் உட்காரும் பக்கம் உட்காரவில்லை. அவர் தனியே டப்பாவைத் திறந்து, பாதி உண்டு, பாதியை மூடி, நுண்ணோக்கிக்குத் திரும்பிவிடுவார். வேலையை விட்டுவிடுவோமா என்று இரண்டு முறை எண்ணியதாகப் பின்னாளில் சொன்னார். ஊசியைச் சரிசெய்யாமல் போனால் உறக்கம் வராது என்பதால் வந்துகொண்டிருந்தாராம்.

விளக்குக்கும் உலோகப் புள்ளிகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய மறைப்பு வேண்டும். வைத்தால் ஊசி தடிக்கிறது. மெலிதாக வைத்தால் ஒடிகிறது. நாற்பத்தோரு ஊசிகள் ஒடிந்தன. நாற்பத்திரண்டாவது ஊசி உப்புநீரில் மௌனமாக இருந்தது.

அதை எலியின் மூளையில் பதித்த அன்று எல்லோரும் திரையைச் சூழ்ந்து நின்றோம். விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லை. மிகச் சிறிய இடைவெளி விட்டு, சன்னமாக, சீரற்று ஒரு துடிப்பு எழுந்தது. அடுத்த எலியில் அது வேறு மாதிரி. அதற்கடுத்ததில் இன்னொரு மாதிரி. ஜெயகணேஷ் நாற்காலியை இழுத்து அம்மையாரின் அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இதுதானா?"

"இதுதாம்னு தோணுதுல. இன்னும் நாலு எலி பாப்போம்."

இன்னும் நான்கு பார்த்தோம். பிறகு இன்னும் ஆறு. அந்தக் கட்டுரை சென்ற ஆண்டு வெளிவந்தது. ஆசிரியர்கள் வரிசையில் சங்கரேஸ்வரி என்ற பெயர் இரண்டாவதாக நிற்கிறது.

அம்மையீர்! இப்போது உங்களை நோக்கிச் சொல்கிறோம். அந்த நாற்பது நாளுக்காக எங்கள் அனைவரையும் மன்னித்தருளுங்கள். இம்மடலை எழுதும் பொறுப்பை வேறு எவருக்கும் விடாமல் கேட்டு வாங்கியவன் ஜெயகணேஷ். நானே வாசிப்பேன் என்று நின்று, வாசித்துக்கொண்டிருப்பவனும் அவனே. கண்ணொளி குன்றாது, கைந்நடுக்கம் காணாது, நோயும் நொடியும் நெருங்காது நூறாண்டு வாழ்க! எங்கள் முடிவுகளில் ஐயம் எழும்போதெல்லாம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். தயங்காமல் தவறென்று சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் சொல்லுக்குச் செவிசாய்க்கத் தாமதமாய்க் கற்றுக்கொண்ட
ஆய்வகப் பணியாளர்கள், செம்பூர், மும்பை