ஒரு கறுப்புக் கோலி

மாமனார்: காலை நல்லா ஊனி நடங்க மாப்பிள்ளை. கம்பளந்தான், கடிக்காது.

மருமகன்: இல்ல மாமா... கால் உள்ள போகுதே. புதையுது.

மாமனார்: புதைஞ்சா எடுத்து வைங்க. அதுக்குத்தான் ரெண்டு கால் இருக்கு.

மருமகன்: மெதுவாப் பேசுங்க மாமா. எல்லாரும் பார்க்கறாங்க.

மாமனார்: ஒருத்தரும் பார்க்கல. அதான் இந்தக் கிளப்போட விசேஷம். இங்க ஒருத்தன் தீப்பிடிச்சு எரிஞ்சாலும் பக்கத்து நாற்காலிக்காரன் பேப்பரைத்தான் திருப்புவான்.

மருமகன்: அந்த விளக்கைப் பாருங்க. கூரையில ஒரு தோட்டமே தலைகீழாத் தொங்கற மாதிரி இருக்கு. இதை எப்படி மாமா துடைப்பாங்க?

மாமனார்: நான் சேர்ந்த அன்னைக்கு நானும் இதையேதான் கேட்டேன். இன்னி வரைக்கும் யாரும் பதில் சொல்லல. உக்காருங்க.

மருமகன்: இதுலயா? யாராவது பெரியவங்க நாற்காலியா இருக்கப் போகுது.

மாமனார்: நாற்காலிக்கு என்ன பெரியவன் சின்னவன். உக்கார்ற இடம் எல்லாருக்கும் ஒரே இடந்தான்.

மருமகன்: சரி... ஓரமா உக்காந்துக்கறேன்.

மாமனார்: காலையில கமிட்டிக்காரங்க வாசல் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்களே, என்ன கேட்டாங்க?

மருமகன்: காபிக்குச் சர்க்கரை எத்தனை கரண்டின்னு கேட்டாங்க மாமா.

மாமனார்: அப்புறம்?

மருமகன்: அவ்வளவுதான். அதுக்கே எனக்குப் பதில் மறந்துபோச்சு. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சர்க்கரையே வேணாம்னு சொல்லிட்டேன். கசப்புல கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

மாமனார்: நல்லவேளை, உணர்ச்சிவசப்பட்டதா நினைச்சிருப்பாங்க.

மருமகன்: நீங்க... என்னைச் சேர்க்கறதுக்கு ஓட்டுப் போட்டுட்டீங்களா மாமா?

மாமனார்: போட்டுட்டுத்தான் வரேன்.

மருமகன்: எப்படிப் போடறது? சீட்டா?

மாமனார்: சீட்டு இல்ல. கோலி.

மருமகன்: கோலியா?

மாமனார்: ஒரு மரப்பெட்டி வெச்சிருக்காங்க. முன்னாடி ஒரு ஓட்டை, முழங்கை வரைக்கும் கை போகும். வெள்ளைக் கோலி ஒண்ணு, கறுப்புக் கோலி ஒண்ணு கொடுப்பாங்க. வெள்ளைன்னா சேர்த்துக்கலாம், கறுப்புன்னா வேணாம். ரெண்டையும் மூடிக்கிட்டுக் கையை உள்ள விடணும். உள்ள ரெண்டு குழி. ஒண்ணு ஓட்டுக் குழி, ஒண்ணு குப்பைக் குழி. எதை எதுல போட்டோம்னு போட்ட கைக்குத்தான் தெரியும்.

மருமகன்: எத்தனை கறுப்பு விழுந்தா தோல்வி?

மாமனார்: ஒண்ணு.

மருமகன்: ஒண்ணா?

மாமனார்: ஒண்ணே ஒண்ணு. மத்தவன் எல்லாரும் உங்களைத் தலையில வெச்சு ஆடினாலும், ஒருத்தன் கை உள்ள போய் மனசு மாறிச்சுன்னா கதை முடிஞ்சுது.

மருமகன்: யாருன்னு கண்டுபிடிக்கவே முடியாதா?

மாமனார்: கேக்கவே கூடாது. கேட்டா, கேட்டவனும் வெளிய போகணும். சட்டம்.

மருமகன்: அப்பா... என்ன சட்டம்.

மாமனார்: சேர்த்துக்கிட்டா செயலாளர் வந்து கை கொடுப்பார். இல்லேன்னா, வாசல்ல உங்க குடையை வாங்கி வெச்சாங்களே, அதைக் கொண்டாந்து கையில கொடுப்பாங்க. வாயால ஒரு வார்த்தை வராது.

மருமகன்: குடையா...

மாமனார்: நம்ம லாரி செட்டுல ஒருத்தனை வேலையை விட்டு நிறுத்தினா, நான் கத்தற கத்துல தெருவே திரும்பிப் பார்க்கும். இங்க குடையோட சரி.

மருமகன்: மாமா, தப்பா நினைக்காதீங்க... உங்களுக்கு எப்படி விழுந்துச்சு?

மாமனார்: லாரிக்காரனை எப்படிடா சேர்த்தாங்கன்னு கேக்கறீங்க.

மருமகன்: ஐயோ, அப்படி இல்ல.

மாமனார்: அப்படித்தான். கேளுங்க, தப்பில்ல. என் ஓட்டு அன்னைக்குப் பேய் மழை. ரோடெல்லாம் இடுப்பளவு தண்ணி. ஒரு காரும் நகரல. வந்தவங்க எல்லாரும் என் லாரியில ஏறித்தான் வந்தாங்க. திரும்பிப் போகவும் லாரி வேணும்ல.

மருமகன்: நல்லவேளை, மழை பெஞ்சுது.

மாமனார்: சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும். உங்களுக்கு எதுக்கு இந்தக் கிளப்பு?

மருமகன்: மனுவுல எழுதியிருக்கேனே மாமா.

மாமனார்: மனுவுல ஆயிரம் எழுதலாம். எனக்குத்தான் படிக்க வராதே. வாயால சொல்லுங்க.

மருமகன்: என் டிரைவிங் ஸ்கூலுக்காகத்தான். இங்க வர்றவங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் கார் ஓட்டக் கத்துக்க வருவாங்கல்ல...

மாமனார்: இங்க வர்றவன் பிள்ளை பின் சீட்டுல உக்காரத்தான் கத்துக்கும்.

மருமகன்: நாலு பெரிய மனுஷங்க பழக்கம்...

மாமனார்: தூரத்துப் பச்சை. கிட்டப் போனா அவனும் முட்டி வலிக்குதுன்னுதான் அழுவான். என் பொண்ணு ஏதாவது சொல்லி அனுப்பினாளா?

மருமகன்: சேச்சே. அவளுக்கு... அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல மாமா.

மாமனார்: ம்.

மருமகன்: என்ன மாமா, ம்?

மாமனார்: ஆபரேஷன் ஆனதுல இருந்து அவ என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வெச்சிருக்கா. படி ஏறாதே. வாளி தூக்காதே. சத்தமாச் சிரிக்காதே. வாரத்துல பாதி நாள் கிளப்புக்கு ஓடறியே, அங்க என்னதான் இருக்குன்னு தினமும் நச்சரிப்பா. திடீர்னு ஒரு நாள் நிறுத்திட்டா. பார்த்தா, நீங்க மனு கொடுத்திருக்கீங்க.

மருமகன்: அது... தற்செயல் மாமா.

மாமனார்: ம்.

மருமகன்: ஆனா நீங்க இங்க என்ன மாமா பண்ணுவீங்க?

மாமனார்: சும்மா உக்காந்திருப்பேன்.

மருமகன்: சும்மாவா?

மாமனார்: சும்மா இருக்கறது லேசுன்னு நினைச்சீங்களா. வாங்க, ஓட்டு முடிய நேரமாகும். பின்பக்கம் காட்டறேன்.

மருமகன்: இது... இவ்வளவும் புத்தகமா? கூரை வரைக்கும் போகுதே. மாமா, அந்த மூலையில ஒரு பெரியவர்... மூச்சு விடறாரா?

மாமனார்: விடுவார். ஓட்டுப் போட வந்தவர், தூங்கறார். எழுப்பிடாதீங்க, தூக்கம் கலைஞ்ச கோபத்துல கறுப்பைப் போட்டுடுவார்.

மருமகன்: ஐயோ, இப்பத்தான் இருமினேன்.

மாமனார்: நடங்க, நடங்க. அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுங்க.

மருமகன்: மாமா...

மாமனார்: நீச்சல் குளம்.

மருமகன்: தண்ணியா இது. வானத்தைப் பிடிச்சுத் தரையில விரிச்சு வெச்சிருக்காங்க. அது என்ன மாமா, அந்தப் பக்கம், அவ்வளவு உசரமா?

மாமனார்: குதிக்கற மேடை.

மருமகன்: அங்க இருந்தா? அண்ணாந்து பார்க்கவே கழுத்து சுளுக்கிக்கும் போலிருக்கு. அங்க நின்னா காக்காவுக்கே தலை சுத்தும். நிஜமா யாராவது குதிப்பாங்களா, இல்ல அழகுக்கு வெச்சிருக்கா?

மாமனார்: குதிக்கறவன் குதிப்பான். பார்க்கணுமா?

மருமகன்: ஆளே இல்லையே. இன்னொரு நாள் வந்து பார்த்துக்கறேன்.

மாமனார்: இன்னொரு நாள் எங்க வரப் போறீங்க.

மருமகன்: என்ன மாமா இப்படிச் சொல்றீங்க. சேர்ந்துட்டா தினமும் வரலாமே.

மாமனார்: ஆங்... ஆமா. சேர்ந்துட்டா வரலாம். இங்கயே நில்லுங்க, வந்துடறேன்.

மருமகன்: எங்க மாமா?

மாமனார்: வயசானவன் எங்க போவான். அந்த ரூமுக்குத்தான்.

குளத்துக்காரர்: சார், தள்ளி நில்லுங்க. ஈரம், வழுக்கும். ஐயா கூட வந்தீங்களா?

மருமகன்: ஆமாங்க. அவர் மருமகன். நீங்க?

குளத்துக்காரர்: இந்தக் குளத்தைப் பார்த்துக்கறவன் சார்.

மருமகன்: ஆழம் அதிகமோ? பார்க்கவே பயமா இருக்குங்க.

குளத்துக்காரர்: கீழ பார்த்தா பயமில்ல சார். மேல பார்த்தாத்தான்.

மருமகன்: அதான் கேக்கறேன், யாருங்க அதுல... இருங்க. யாரோ ஏறறாரே.

குளத்துக்காரர்: ஆமா சார்.

மருமகன்: தலை நரைச்சிருக்கு. வயசானவருங்க. தடுக்க மாட்டீங்களா?

குளத்துக்காரர்: அவரையா?

மருமகன்: ஏணி சுவர் மாதிரி நிக்குதே... நிக்கறார். மூச்சு வாங்குது போல. மறுபடி ஏறறார். இந்தப் பக்கம் திரும்பறார்... நெஞ்சுல என்னங்க அது, நெட்டுக்குக் கோடு... தையலா...

குளத்துக்காரர்: சார். மெதுவா.

மருமகன்: எங்க மாமாங்க அது. ஐயோ, எங்க மாமா. மா...

குளத்துக்காரர்: கூப்பிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கூப்பிடாதீங்க. அவர் மேல நிக்கறப்ப நாங்க யாரும் பேச மாட்டோம்.

மருமகன்: நெஞ்சைத் திறந்து மூடியிருக்குங்க அவருக்கு. மாடிப்படியே ஏறக் கூடாது.

குளத்துக்காரர்: தெரியும் சார். இங்க அவரை எல்லாரும் பருந்துன்னுதான் சொல்வாங்க.

மருமகன்: பருந்தா? வீட்ல ஒரு ஸ்டூல் மேல ஏறினாலே...

குளத்துக்காரர்: ஷ்... நுனிக்கு வந்துட்டார். கையை விரிக்கறார் பாருங்க.

மருமகன்: ஏன் அப்படியே நிக்கறார்?

குளத்துக்காரர்: காத்து அடங்கட்டும்னு.

மருமகன்: அவர் கால் கொஞ்சங்கூட அசையலையேங்க.

குளத்துக்காரர்: இப்ப.

மருமகன்: ...

குளத்துக்காரர்: ...

மருமகன்: தண்ணி தெறிக்கவே இல்லையே.

குளத்துக்காரர்: தெறிக்காது.

மருமகன்: ஒரு இலை விழுந்தாக்கூடச் சத்தம் வருமேங்க. அவ்வளவு பெரிய உடம்பு, ஊசி மாதிரி... எங்க அவர்? இன்னும் வரலையே. எங்கங்க?

குளத்துக்காரர்: தரையைத் தொட்டுட்டுத்தான் வருவார். பொறுங்க... அதோ தலை.

மருமகன்: சிரிக்கறார்.

மாமனார்: துண்டைக் கொடுப்பா. என்ன மாப்பிள்ளை, வாயை மூடுங்க, ஈ பூந்துடும்.

மருமகன்: மாமா...

மாமனார்: மாமாதான். பொய்யில்ல.

மருமகன்: எப்ப இருந்து இது?

மாமனார்: ஆபரேஷனுக்கு அப்புறந்தான். அதுக்கு முன்னாடி இந்தத் தண்ணியில கால் நனைச்சதில்ல. இதோ, இவன்தான் இடுப்பைப் பிடிச்சு நீந்தக் கத்துக்கொடுத்தான்.

மருமகன்: அதுக்கு அப்புறமா? எல்லாரும் அதுக்கு அப்புறந்தானே எல்லாத்தையும் நிறுத்துவாங்க?

மாமனார்: டாக்டர் என்னென்ன செய்யக் கூடாதுன்னு வரிசையாச் சொன்னார். காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். குதிக்கக் கூடாதுன்னு சொல்லல.

மருமகன்: அவருக்குத் தோணியிருக்காது மாமா.

மாமனார்: தோணாதது அவர் தப்பு.

மருமகன்: பயமா இல்லையா?

மாமனார்: இல்லாம? ஒவ்வொரு தடவையும் இருக்கு. ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. அந்த நுனியில நிக்கறப்ப ஒருத்தனும் என்னைப் பார்த்துப் பாவப்படறதில்ல. கீழ நிக்கறவன் அவனவன் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறான். எனக்கு அது போதும்.

மருமகன்: நான் இங்க வரணும் மாமா. இது வரைக்கும் எப்படியோ, இப்பச் சொல்றேன். இதைப் பார்க்கறதுக்காகவே நான் சேரணும்.

மாமனார்: ...அப்படியா.

குளத்துக்காரர்: ஐயா.

மாமனார்: என்னப்பா.

குளத்துக்காரர்: ஆபீஸ் பையன் வந்து இதைக் கொடுக்கச் சொல்லிட்டுப் போனான். சாருக்கு.

மருமகன்: என் குடை...

குளத்துக்காரர்: நான் அந்தப் பக்கம் இலை வாரணும் ஐயா. வரேன்.

மருமகன்: என் குடைதான். கைப்பிடியில கீறல்கூட இருக்கு.

மாமனார்: எவனோ ஒரு படுபாவி. அந்தப் பெட்டிக்குள்ள விட்ட கை விளங்குமா?

மருமகன்: விடுங்க மாமா.

மாமனார்: அந்தத் தூங்கினவராத்தான் இருக்கும். நீங்க இருமினீங்கல்ல.

மருமகன்: யாரா இருந்தா என்ன. கேக்கக் கூடாதுங்கறது சட்டம். எனக்கு இது நல்லா வேணும் மாமா. நான் நேர்மையா வரல.

மாமனார்: என்ன சொல்றீங்க?

மருமகன்: மூஞ்சியைப் பார்த்துக் கேட்டீங்களே, அப்ப பொய் சொன்னேன். உங்க பொண்ணுதான் அனுப்பினா. சேர்ந்து, நீங்க இங்க என்ன பண்றீங்கன்னு பார்த்து அப்பப்ப அவகிட்ட சொல்லணும். குடிக்கறீங்களோ, சீட்டாடறீங்களோன்னு அவளுக்கு ஒரே பயம்.

மாமனார்: ...இப்பப் போய் என்ன சொல்லுவீங்க?

மருமகன்: அதான் யோசிக்கறேன்.

மாமனார்: யோசிக்க என்ன இருக்கு. கண்ணால பார்த்ததைச் சொல்லுவீங்க. நாளைக்கே அவ வந்து இந்த ஏணி அடியில உக்காந்துக்குவா. அதோட தீர்ந்துது.

மருமகன்: பார்த்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை வராது மாமா. மேல ஒரு மனுஷன் நின்னார். கீழ வர்றப்ப அது மனுஷன் மாதிரியே இல்ல. இதைப் போய் எப்படிச் சொல்றது. புத்தக ரூம்ல சாஞ்சு தூங்கறார்னு சொல்லிடறேன்.

மாமனார்: நம்பவா போறா.

மருமகன்: வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறார்னு சொல்றேன். குறட்டையும் சேர்த்துக்கறேன்.

மாமனார்: இன்னைக்குச் சொல்லுவீங்க. நாளைக்கு அவ கண்ணைக் கசக்கினா?

மருமகன்: கசக்கினாலும் சொல்ல மாட்டேன். என்னைக்கும் சொல்ல மாட்டேன். உங்க மேல சத்தியம் மாமா.

மாமனார்: ...அடக் கடவுளே. நீங்க இப்படிப்பட்டவர்னு மத்தியானமே தெரிஞ்சிருந்தா, அந்தக் கறுப்புக் கோலியைக் குப்பைக் குழியில போட்டிருப்பேனே மாப்பிள்ளை.