என் கால் செய்த வேலை

வண்டி ஓட்டப் பழகுவதற்கு மெல்லிய அடியுள்ள பழைய செருப்புதான் நல்லது. அடி தடித்துப் போனால் பெடல் சொல்வது காலுக்குக் கேட்காது. பத்தொன்பது வருடமாக, பழக வருகிறவர்கள் எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அண்ணன் மகளிடமும் சொன்னேன். மறுநாளே பழைய செருப்போடு வந்து நின்றாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். அந்தக் குணம் அம்மாவிடமிருந்து வந்ததல்ல.

விசாரணை அதிகாரிக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தவறவிட்டால் நாங்கள் மிதிப்போம். மிதித்ததும் ஒரு மணி அடிக்கும். 'நிறுத்தினது நீ இல்லம்மா' என்று அதற்கு அர்த்தம்.

அண்ணிக்கு என் வேலை என்றாலே இளக்காரம். வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "எங்க நாத்தனாருக்கு என்ன குறை? சின்னப் பசங்க ஊரச் சுத்திக் காட்டுறாங்க. இவ பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. அதுக்குச் சம்பளம் வேற." அண்ணன் சிரிப்பார். அந்த வீட்டில் அவருக்கு வாய் திறக்க அனுமதி கிடைப்பதே அப்போதுதான்.

பெண்ணுக்குப் பதினேழு ஆனதும் அண்ணியே என்னைத் தேடி வந்தாள். இந்த ஊரில் பதினேழிலேயே லைசென்ஸ் எடுக்கலாம், ஆனால் பதினெட்டுக்குக் கீழே என்றால் ஐம்பது மணி நேரப் பயிற்சி. மணிக்கு ஒரு கையெழுத்து. லைசென்ஸ் கையில் வந்த பிறகும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். இருட்டினால் ஓட்டக் கூடாது. கூட்டாளிகளை ஏற்றக் கூடாது. போனைத் தொடக் கூடாது.

"இத்தன சட்டமா? என்ன, ராக்கெட்டா ஓட்டப் போறா?"

"சின்ன வயசு, அண்ணி. கால் பழகணும்."

"ஆமா, காலாட்டுறதப் பத்தி உன்கிட்டதான் கேக்கணும். சீக்கிரம் கையெழுத்தப் போட்டு அனுப்பு."

அன்று மாலை, பிரேக் மணிக்குப் போகிற கம்பியைக் கழற்றினேன். புதிதாகப் பழகுகிறவள், சத்தம் கேட்டால் மிரள்வாள். எல்லாருக்கும் கழற்றுவீர்களா என்கிறீர்கள். கழற்றுவதில்லை.

அவள் நன்றாகவே ஓட்டினாள். கண்ணாடி பார்ப்பாள், ஸ்டியரிங் பிடிப்பதில் பதற்றமே கிடையாது. பிரேக் மட்டும் தாமதம். 'ஒண்ணு' என்று சொல்லி முடிக்கிற நேரம், அவ்வளவுதான். மணி அடித்திருந்தால் பத்து நாளில் திருந்தியிருப்பாள். மணி அடிக்கவில்லை. நான் மிதித்தேன். உறங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல வண்டியை நிறுத்துவேன்.

"அத்தை, எப்படி நிக்குது பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு."

"அம்மாகிட்ட சொல்லுங்க அத்தை. நம்பவே மாட்டேங்கறாங்க."

"அவங்களே பக்கத்துல உக்காந்து பாப்பாங்க."

நாற்பதாவது மணி நேரத்தில், காலி மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து என் காலை எடுத்துப் பார்த்தேன். மூன்று கூம்புகள் சக்கரத்துக்கு அடியில் போயின. "செருப்பு வழுக்கிடுச்சு அத்தை," என்றாள். "ஆமா, செருப்புதான்," என்றேன். நாற்பதாவது கையெழுத்தையும் போட்டேன்.

தேர்வு அன்றும் பயிற்சி வண்டிதான். தேர்வு அதிகாரி பின்னால், நான் என் இடத்தில், மடியில் கைப்பை. மூன்று முறை மிதித்தேன். "நிறுத்துறதுல பக்குவம் இருக்கு," என்று அவர் பாராட்டினார். அவரையும் விசாரியுங்கள். விசாரிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

அந்த வாரமே சொந்த வண்டியை எடுத்தார்கள். ஒரு விதியையும் மீறவில்லை. காலை பத்து மணி. போன் பைக்குள். கூட்டாளி யாரும் இல்லை. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பெரியவர், அண்ணி. சிக்னலில் ஒரு லாரி நின்றிருந்தது. பெண் எப்போதும் மிதிக்கிற நேரத்தில்தான் மிதித்திருப்பாள்.

அவளுடைய செருப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள். அடி தேய்ந்திருந்தது. சரியான செருப்பு.

பிழைத்தது அண்ணிதான். வலது பாதத்தில் மட்டும் ஐந்து இடத்தில் முறிவு. அது எப்படி என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பெடல் இல்லாத தரையை மிதித்திருக்கிறாள். அந்த இருக்கையில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை என்று ஒருவழியாக விளங்கியிருக்கும்.

பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எங்காவது லேசாக இடித்து, பம்பர் நசுங்கி, கூடவே அண்ணியின் முகமும் நசுங்கினால் போதும் என்றிருந்தேன். அப்புறம் கம்பியை மாட்டி, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்திருப்பேன். நல்ல ஆசிரியை நான்.

ஐம்பது கையெழுத்தும் என்னுடையதுதான். தெரிந்துதான் போட்டேன். வாக்குமூலத்தில் கீழே ஒரு இடத்தில் மட்டும் திருத்த வேண்டும். 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பத்தொன்பது வருடத்தில் என் கால் ஒருநாளும் கவனம் தப்பியதில்லை.