மூன்று தப்பான தகவல்கள்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

நானும் நல்லசிவமும் அபிராமபுரத்தில் ஒரு மாடி அறையில் ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். டி.வி.யைக் கம்ப்யூட்டரில் ஓடவைப்பது பெரிய வித்தையில்லை. எங்கள் புரோகிராம் ஆரம்ப இசையை வைத்தே என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடித்து, அது சம்பந்தமான தகவல்களைத் திரையின் ஓரத்தில் காட்டும். கச்சேரிக்கு ராகம், கிரிக்கெட்டுக்குப் பழைய ஸ்கோர், ஞாயிறு காலை டாக்டர் நிகழ்ச்சிக்கு முதலுதவிக் குறிப்புகள். மூளை என்னுடையது. ஆள் பிடிப்பதும் பேசுவதும் அவன்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி வந்து இன்சுலின் போட ஆரம்பித்தபோது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னான். "வேர்த்து ஊத்தி நான் கண்டபடி உளறினா, சர்க்கரை கம்மியாயிடுச்சுன்னு அர்த்தம் மச்சி. உடனே வாயில ஏதாவது இனிப்பைப் போட்டுடு." வீட்டில் சொன்னால் மனைவி பயந்துவிடுவாளாம். அவனுக்காகவே என் மேஜை டிராயரில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

மார்ச்சில் கிண்டியில் ஒரு பெரிய கம்பெனி வாசலில் அவனைப் பார்த்தேன், கையில் ஃப்ளாப்பி டப்பா. மறுநாள் கேட்டதற்கு, "அந்தப் பக்கமே போகலையே மச்சி" என்றான். என் புரோகிராமைத் திருட்டுத்தனமாக விற்கப் போயிருக்கிறான். ஆறு வருஷம் என் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவன்.

சத்தம் போடுவது என் சுபாவமில்லை. அவன் கைக்கு எட்டும் புரோகிராம் பிரதியில் மட்டும் மூன்று தகவல்களை மாற்றினேன். ஒரு கீர்த்தனைக்கு வேறு ராகம். ஒரு டெஸ்ட் மேட்சுக்கு வேறு ஸ்கோர். அப்புறம், சர்க்கரை நோயாளிக்கு வேர்த்து மயக்கம் வந்தால் இனிப்பு கொடுக்கவே கூடாது என்று ஒரு வரி. இவை வெளியே எங்கே தென்பட்டாலும் திருடியது அவன்தான் என்று ருசுவாகிவிடும். முதல் இரண்டே போதுமே என்பீர்கள். போதும்தான்.

போன ஞாயிறு காலை, பெசன்ட் நகரிலிருந்து அவன் மனைவி ஆஷா போன் செய்தாள்.

"அண்ணா, இவருக்கு வேர்த்து ஊத்துது, ஏதேதோ உளர்றாரு. நடுவுல இனிப்பு இனிப்புன்னாரேன்னு சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கையில வச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல டாக்டர் புரோகிராம் ஓடுது, ஓரத்துல இனிப்பு குடுக்கவே கூடாதுன்னு காட்டுது. நான் என்னண்ணா பண்றது?"

ஆக, பிரதி அவன் வீட்டில்தான் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகவே பதில் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் சொல்றபடியே பண்ணும்மா. அந்தத் தண்ணியக் கீழ கொட்டிடு. தூங்கட்டும், எழுப்பாதே."

அவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பிரதியின் முதல் திரையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்கிறீர்கள். கிண்டி கம்பெனிக்கு அவன் டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தையும் காட்டினீர்கள். 'இது முழுக்க என் நண்பர் ஸ்ரீனிவாசராகவன் செய்தது. நான் வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், அருமை. விலையை அவரிடமே பேசுங்கள். முடிவாகும்வரை அவருக்குத் தெரிய வேண்டாம், தட்டிப்போனால் மனசு உடைந்துபோவார்.'

இரண்டு தடவை படித்தேன். கீழே கையெழுத்து இல்லை, சார். கையெழுத்தில்லாத கடிதத்தை எப்படி நம்புவது?