சன்னாசி வீட்டுக் கலரு

மொதல்ல வம்புக்கு வந்தது சன்னாசிதான் ஜெயபாலா, நான் இல்ல. சாயம் அடிக்க வந்தவனுக்கு எதுக்கு இந்தக் கதையா? சொல்றேன் லா, அந்தப் பிரஷ்ஷக் கீழ வையி.

வெள்ளிக்கெழம நிச்சயத்துக்கு அவன் இந்த ஹால்லதான் வந்து ஒக்காரப் போறான். எம் மக நவமணி அவன் மகனத்தான் கட்டுவேன்னு நிக்குது. ஈப்போவுல வேற பையனே இல்லாத மாதிரி! சரி, வரட்டும். ஆனா அவன் வீட்டு ஹால் கலரு என் செவுத்துல ஏறக் கூடாது. சாம்பல்ல பால் டீ ஊத்துன கலரு. இந்த எண்பத்தஞ்சுல இதுதான் பேஷனாம். சன்னாசி மூஞ்சியே அந்தக் கலருதான். எம் பொண்டாட்டி செல்லாயிக்கும் அது புடிச்சிருச்சு, என்ன செய்ய? ரூமுக்குள்ள அடிச்சுரு, கதவச் சாத்திக்கலாம். ஹாலுக்குப் பச்ச. கண்ணக் குத்தாத மங்கப் பச்ச.

அவன் என்ன செஞ்சானா? எழுவத்திரண்டுல சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துல நான் மரம் சீவுனேன், அவன் எங்கள மேய்க்கிற மண்டோர். பச்சக் கோடு போட்ட மரத்தச் சீவு, செவப்புக் கோடு ஓய்வு குடுத்த மரம், தொடாதன்னான். நான் ஒரு நெர பூரா செவப்புலயே கத்திய வச்சுட்டேன். நாப்பது மரம்! மறுநா பெரட்டுல ஆளெண்ணுறப்ப, காலையிலயே கள்ளு ஊத்திட்டு வந்துட்டான்னு அத்தன பேரு முன்னால சொன்னான். சத்தியமா அன்னிக்கு வரக்காப்பிகூடக் குடிக்கல. வேல போச்சு. பதிமூணு வருசமா குடிகாரப் பழனியப்பன்னுதான் பேரு. அப்புறமாக் குடிச்சேன்தான். வந்த பேர வீணாக்கலாமா?

சரி, ஆரம்பி. எடது பக்கம் பூசிக் காட்டுனியே, அந்தப் பச்சையே இருக்கட்டும். வாழக் குருத்து மாதிரி எவ்வளவு குளுமை! வலது பக்கம் பாரு, த்தூ... ஏன் தலையச் சொறியுற?

என்னது, மாத்திச் சொல்றேனா? அப்ப எது பச்ச?

சத்தம் போடாத லா, அடுப்படியில செல்லாயி இருக்கா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஜெயபாலா. பொறந்ததுலேர்ந்து. அந்த மரத்துக் கோடும் அப்படித்தான். வெளிய எப்படிச் சொல்ல? அப்ப லாரி லைசன்ஸுக்கு எழுதிப் போட்டிருந்தேன். குடிகாரன்னா மறுநாள் தெளிஞ்சிருவான்னு குடுத்துருவான், இதுக்குக் குடுப்பானா? லாரி ஓட்டித்தான் இந்த வீடே. சிக்னலா? மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. அதுக்கு எதுக்குக் கலரு?

நீ பச்சைய அடி. வெள்ளிக்கெழம சன்னாசி இந்தச் செவுத்து முன்னால நின்னு, பழனியப்பன் அன்னிக்குக் குடிக்கலன்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்த எனக்கு வரவேண்டியது.

அப்புறம் ஏன் மாத்திச் சீவுனான்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது.