நடுவுல ஒரு ஆள்

அதெல்லாம் சுத்தப் பொய் மேடம். எங்க வீட்டுல தங்கியிருக்கற பொண்ணு காலேஜ்ல அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு, இந்த ஊர்ல புருஷன் பொண்டாட்டி நேருக்கு நேர் பேசிக்க மாட்டாங்க, நடுவுல ஒரு ஆளை வச்சுத்தான் பேசுவாங்கன்னு சொன்னாளாமே? அதுதான் நம்ம பண்பாடாமே? நல்லா இருக்கு! நம்பி வீட்டுல வச்சுக்கிட்டதுக்கு மானத்தை வாங்கிட்டா. நீங்க உக்காருங்க முதல்ல. ஐயோ, அதுல வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க. அப்படியே அந்த சோபாக்காரர்கிட்ட ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்களேன். ஸ்விட்ச் அவர் தலைக்கு மேலதான் இருக்கு.

என் வீட்டுக்காரர்தான். பேப்பருக்குப் பின்னாடி இருக்கறது.

நானே சொல்லலாம்தான். நீங்க கிட்ட இருக்கீங்களேன்னு சொன்னேன்.

எதுல விட்டேன்? ஆங், பண்பாடு. அதுக்காக அவளை வேற வீட்டுக்கு மாத்தறேங்கறீங்களே, இது நியாயமா? சரியான பண்பாடு இருக்கற வீடா பார்த்து வச்சிருக்கீங்களா? அப்படி ஒரு வீடு இருந்தா எனக்கும் சொல்லுங்க, நானும் மூட்டை கட்டிக்கிட்டு வரேன். உங்க காலேஜ் போட்ட ஏற்பாடுதானே மேடம் இது? எங்க பொண்ணு வெளிநாட்டுக்குப் படிக்கப் போனா, பதிலுக்கு அங்கேருந்து இவ வந்தா. பழசைப் போட்டுப் புதுசு வாங்கற கடை மாதிரி. வாங்குனதை பாதியில பிடுங்குனா எப்படி?

நாங்க அவளை நெட்டைன்னுதான் கூப்பிடுவோம். வாசல் நிலையில தலை இடிக்கும், அவ்வளவு உசரம். அவ அதை ஏதோ மரியாதைப் பட்டம்னு நினைச்சுக்கிட்டு சந்தோஷமா திரும்பிப் பார்ப்பா. வந்த புதுசுல எதைப் பார்த்தாலும் அதுக்கு அர்த்தம் கேப்பா. கதவுக்குப் பின்னாடி துடைப்பம் இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்? வீட்டைப் பெருக்கணும்னு அர்த்தம்டி, வேறென்ன!

அன்னிக்கு சாப்பாட்டு மேஜையில, உப்பு போதுமான்னு கேளுன்னேன். கைக்கெட்டற தூரத்துல உக்காந்திருக்கார் மனுஷன். அவ ஒரு தடவை என்னைப் பார்த்தா, ஒரு தடவை அவரைப் பார்த்தா, கேட்டா. போதும்னு சொல்லுன்னார். சொன்னா. அவ்வளவுதான், கண்ணு ரெண்டும் பல்பு மாதிரி எரியுது. பெரிய ரகசியத்தைக் கண்டுபிடிச்சுட்டாளாம்! மறுநாள்லேருந்து நான் வாயைத் திறந்தாலே எழுந்து வந்து நடுவுல நிப்பா, கோர்ட்டு டவாலி மாதிரி. அக்கம்பக்கத்துல நாலு வீட்டை எட்டிப் பார்த்துட்டுப் பேசக்கூடாதா? எங்க வீட்டை மட்டும் பார்த்துட்டு ஊருக்கே தீர்ப்பு எழுதிட்டா.

சரி மேடம். அப்படிப் பார்க்காதீங்க. பேசறதில்லதான். உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே.

எட்டு வருஷம் இருக்கும், ஒரு நாள் வீட்டுல விருந்து. இவரோட தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர், இன்னும் யார் யாரோ இருக்காங்க. வீடு மாத்தறதைப் பத்திப் பேச்சு. நானும் ஒரு யோசனை சொன்னேன். அதுக்கு இவர், அவளை விடுங்க, வீட்டுல சும்மா இருக்கறவளுக்கு என்ன தெரியும்னார். அன்னிக்கு அங்க இருந்த அத்தனை பேரும் நான் சமைச்சதைத்தான் தின்னுக்கிட்டிருந்தாங்க. சும்மா இருக்கறவளுக்குப் பேச்சு எதுக்குன்னு நிறுத்திட்டேன். நான் கான்வென்ட்ல படிச்சவ. சிஸ்டருங்க எங்களை வரிசையில வாயைப் பொத்தி நிக்க வச்சே வளர்த்தாங்க. பேசாம இருக்கறதுல எனக்கு எப்பவும் ஃபர்ஸ்ட் மார்க்.

அப்புறம் எல்லாம் பொண்ணு மூலமாத்தான். அவ எனக்குன்னே பொறந்தவ. நான் சொன்னதுல ஒரு சொல் குறையாது, என் மூஞ்சியைக்கூட அப்படியே தூக்கிட்டுப் போய் அவர் முன்னாடி இறக்குவா. இப்ப அங்க அவ தங்கியிருக்கற வீட்டுல, அந்தம்மா புருஷன்கிட்ட தண்ணி கேட்டாளாம். எங்க பொண்ணு சட்டுன்னு எழுந்து நின்னுட்டாளாம், அவர்கிட்ட சொல்றதுக்கு. எல்லாரும் இவளையே பார்த்தாங்களாம். அங்கெல்லாம் நேராவே பேசிக்கறாங்கம்மான்னு போன்ல சொல்லிச் சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம் சிரிக்கல.

நெட்டை கதை வேற. அவளுக்குத் தெரிஞ்ச நம்ம பேச்சு ஒரு கைப்பிடி. நான் மூட்டை மூட்டையா அனுப்பறேன், அவ அந்தக் கைப்பிடியைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கறா. வந்ததும் வராததுமா பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கற மனுஷனுக்கு அடுப்புல வேகறவ கண்ணுக்குத் தெரியறாளான்னு கேளுன்னா, நேரா போய், அப்பா, சாப்பிட வாங்கன்னு சொல்லுவா. கூட ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பு என்னுது இல்ல மேடம், நான் போட்டு அனுப்பல! அவர்கிட்டேருந்து வர்றதும் அப்படித்தான். என்ன கிளம்புச்சோ தெரியாது, இங்க வந்து சேரும்போது, அம்மா, நல்லா இருக்குன்னு வரும்.

நல்லா இருக்காம்! அன்னிக்கு ரெண்டு கரண்டி குழம்பு சேர்த்துக் குடுத்தனுப்பினேன்.

அதனாலதான் சொல்றேன், அவளை மாத்தாதீங்க. காலேஜ்ல சொன்னது தப்புன்னு நானே அவளை உக்கார வச்சு எடுத்துச் சொல்றேன். இந்த நாட்டுல எல்லாரும் நேராத்தான் பேசறாங்க, இந்த வீட்டைத் தவிரன்னு. போதுமா? இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

என்ன, எழுந்துட்டீங்க? டீயை அப்படியே வச்சிருக்கீங்களே. யோசிச்சுச் சொல்றீங்களா? சரி, யோசிங்க.

ஒரு நிமிஷம் மேடம். நேத்து அவ சமையல்கட்டுக்கு வந்தா. நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன், எதுவும் கேட்டு அனுப்பல. அவளா வந்து நின்னு, அப்பா சொல்றாங்க, அம்மா சும்மா இல்லைன்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா, மாடிக்குப் போயிட்டா. ராத்திரி பூரா எனக்கு அதே யோசனை. அவகிட்ட கேட்டா ஆமான்னு தலையை ஆட்டுவா, எதைக் கேட்டாலும் ஆட்டறவதான். அது அவர் சொன்னதா, இல்ல இவளா சேர்த்துக்கிட்டதா?

வாசலுக்கு அவரைத் தாண்டித்தானே போகணும் நீங்க. பாருங்க, வந்ததுலேருந்து ஒரு பக்கம் திருப்பல மனுஷன். போற வழியில கொஞ்சம் கேட்டுச் சொல்லிட்டுப் போறீங்களா?