வெல்டு வைக்காத பட்டறைக்காரர்

எண்பதுகளில் ஒரு கோடை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "வெல்டிங் பட்டறைய வச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரரு வெல்டு வைக்க மாட்டேன்னுட்டாவ" என்று ஒருத்தி சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஏட்டி, யாருக்கு?"

"ஒரு வெள்ளக்காரப் புருசன் பொண்டாட்டிக்கு. வீடு மாதிரி வேனு, உள்ளயே கட்டிலு அடுப்பெல்லாம் இருக்கு. வெளிய நிழலுக்கு இழுத்து விடுற படுதாவத் தாங்குற இரும்பு கழண்டு தொங்குது. அந்தாளுக்கோ காய்ச்சல். வேனுக்குள்ள வெக்கையில படுக்க முடியல."

"வெல்டு வச்சா என்னவாம்?"

"தகரத்துக்குப் பின்னாடி பூரா பஞ்சும் பலகையுமாம். பொறி பட்டா வேனே எரிஞ்சிரும்னாவ. இரும்ப மாட்டியிருந்த ஸ்க்ரூ ஓட்டை பெருசாயிருச்சு, அதனால உள்பக்கம் ஒரு இரும்புப் பட்டையக் குடுத்து, வெளிய இருந்து போல்ட்டுப் போட்டு முறுக்குனாவ. மழைத்தண்ணி இறங்காம இருக்க சைக்கிள் டியூப வெட்டி இடையில வச்சாவ."

"நின்னுச்சா?"

"எங்க வீட்டுக்காரரே ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கிப் பாத்தாவ. அசையல. படுதாவ விரிச்சதும் அந்தம்மா புருசனக் கைத்தாங்கலாக் கூட்டியாந்து நிழல்ல படுக்க வச்சா. செத்த நேரத்துல அந்தாளு தூங்கிட்டாரு. அந்தம்மா அவியளக் கும்பிட்டு அழுதுட்டா."

"நீ எப்படி அங்க போன?"

"சோறு குடுக்கப் போனேன். பதினெட்டு வருசமா தூக்குவாளிய வச்சிட்டுத் திரும்பிருவேன். நேத்துத்தான் அவிய வேலை செய்யுறத நின்னு பாத்தேன்."