சிவப்பு வரிகள்

"சிவப்பா வந்த எர்ரர் வரியை எல்லாம் வெட்டிட்டுத்தான் போட்டோ அனுப்பினேன்க்கா. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

செங்கல்பட்டு ரயில் தாம்பரத்தை விட்டுக் கிளம்பியதும் என் எதிர் சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் சொன்னாள். மடியில் லேப்டாப் இருந்தது. போன் ஸ்பீக்கரில் அவளுடைய சீனியர் பேசினாள்.

"அடிப்பாவி! எங்க தப்புன்னு அதுதான்டி சொல்லும். 'புரோகிராம் ஓடல, ஹெல்ப்'னு மட்டும் போட்டா நான் ஜோசியமா பாக்குறது?"

"திட்டாதீங்கக்கா. இன்னிக்கு லேப்ல புரோகிராமைக் காட்டலைன்னா பெயில் போட்டுடுவாங்க."

"சரி, அழாத. என்ன பண்ணின, என்ன வந்துச்சு, அப்படியே சொல்லு."

"என் கிளாஸ்மேட் மது லேப்டாப்புல சேர்ந்து எழுதினோம். அது நல்லா ஓடிச்சு. என் லேப்டாப்புக்கு மாத்தினதும் சிவப்பா வருது."

"கடைசி வரியை வாசி."

"புரோகிராம் படிக்கிற மார்க் ஃபைலைக் காணோமாம். அந்த வரியில மது பேரு இருக்குக்கா."

"உன் லேப்டாப்புல போய் மதுவோட போல்டரைத் தேடினா எப்படிடி கிடைக்கும்? உன் போல்டர் பேரைப் போடு."

பெண் வேகமாகத் தட்டினாள். வண்டலூர் தாண்டியது.

"ஓடுதுக்கா! ரொம்ப தேங்க்ஸ்க்கா!"

"எனக்கு எதுக்கு? நீ வெட்டிப் போட்டியே, அந்தச் சிவப்பு வரிக்குச் சொல்லு."

காட்டாங்குளத்தூரில் இறங்கும்முன் அவள் லேப்டாப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.